அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்

தமிழ்ப் பத்திரிகைகளில் மரண அறிவித்தல்களுக்கென்று ஒரு தனிமொழி உண்டு. ‘சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த’, ‘நோய்வாய்ப்பட்டிருந்த’, ‘இறைபதமெய்தினார்’ என்பன அம்மொழியின் வழக்கமான சொற்கள. மாரடைப்பு என்று எழுதுவார்கள்; விபத்து என்று எழுதுவார்கள். பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த மூன்று தசாப்தங்களில், புற்றுநோய் என்ற சொல் குடும்பத்தினரின் விருப்பத்துடன் அந்தப் பக்கத்தில் அச்சேறியதை மிகச் சில தடவைகளே கண்டிருக்கிறேன். அதே பத்திரிகையின் ஆசிரிய தலையங்கத்தில் அச்சொல்லுக்கு எந்தத் தடையும் இல்லை. ஊழல் ஒரு புற்றுநோய், இனவாதம் ஒரு புற்றுநோய் என்று நாம் தாராளமாக எழுதிவந்திருக்கிறோம். நாட்டுக்கு வந்தால் பெயர் சொல்லப்படும் நோய், வீட்டுக்கு வந்தால் பெயரற்றதாகிவிடுகிறது.

அந்தப் பெயரை நோயாளியிடம் யார் சொல்வது என்ற கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். சொல்லவேண்டுமா என்ற கேள்விக்கு உலகம் ஏறக்குறைய விடை கண்டுவிட்டது. யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது, சொன்ன பிறகு யார் கூட இருப்பது என்பனவற்றுக்கு நம்மவரிடையே இன்னும் சரியான விடை இல்லை.

எங்கள் காரியாலயத்தில் ஒப்புநோக்குநராகப் பணியாற்றிய நண்பர் ஒருவர் இருந்தார். வெற்றிலை போடும் பழக்கம் உடையவர். நாக்கின் ஓரத்தில் வந்த புண் ஆறாமல் போய், பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் அதற்கு முக்கிய காரணங்கள். அவருடைய பிள்ளைகள் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. ‘பெரிய ஆஸ்பத்திரியில் பல்லுக்கு விசேட கிளினிக் இருக்கிறது’ என்று சொல்லி, 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றி மஹரகமவுக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று அந்த வைத்தியசாலை நாடு முழுவதும் ‘கான்சர் ஆஸ்பத்திரி’ என்றே அறியப்பட்டிருந்தது. பிற்காலத்தில்தான் அதற்கு ‘அபேக்ஷா’, அதாவது நம்பிக்கை, என்று பெயர் சூட்டப்பட்டது.

எழுத்துப் பிழை பார்த்தே வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதரிடம் ஒரு பெயர்ப்பலகையை மறைக்க முடியும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பினார்கள். அவர் எல்லாவற்றையும் வாசித்தார். வாசித்ததை வீட்டில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று வீட்டார் நடித்தார்கள். தமக்குத் தெரியாது என்று அவரும் நடித்தார். அவர் காலமான பின்னர் அவருடைய குறிப்புப் புத்தகத்தில், தமக்கு ஏற்றப்பட்ட மருந்துகளின் பெயர்களை ஒரு பிழையும் இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததைக் கண்டார்களாம். கடைசிப் பதினொரு மாதங்களும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்மணி பின்னர் என்னிடம் சொன்னது இதுதான்: “அவர் பயப்படக்கூடாது எண்டுதான் நாங்கள் சொல்லேல்லை. கடைசியிலை அவர் தனியத்தான் பயந்திருக்கிறார்.”

இதைத் தமிழரின் பின்தங்கிய வழக்கம் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 1961இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள மைக்கல் ரீஸ் வைத்தியசாலையில் டொனால்ட் ஓக்கன் என்ற மருத்துவர் 219 வைத்தியர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். அவர்களில் சுமார் 90 வீதமானோர், நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகக் கூறினர். 1979இல் அதே வினாக்களைக் கொண்டு மற்றொரு அமெரிக்க ஆய்வு நடந்தபோது, 97 வீதமான வைத்தியர்கள் சொல்வதையே விரும்பினர். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் சிகிச்சைகள் முன்னேறியிருந்தன. நோயாளியின் உரிமை பற்றிய எண்ணமும் வளர்ந்திருந்தது.

ஆசியாவில் மௌனம் நீடித்தது. யப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு 1987 செப்ரெம்பரில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர் 1989 ஜனவரி 7ஆம் திகதி காலமான பின்னர்தான் அவருக்கு இருந்தது புற்றுநோய் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. ஒரு தேசத்தின் பேரரசருக்கே இதுதான் நிலைமை என்றால், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த நமது பெற்றோருக்கு வேறென்ன நடந்திருக்கும்?

மேற்கில் இன்று சொல்வது விதியாகிவிட்டது. அங்கும் அது எளிதாக வந்துவிடவில்லை. ரொறன்ரோவில் பணியாற்றிய புற்றுநோய் மருத்துவர் றொபேட் பக்மன், கெட்ட செய்தியைச் சொல்லும் முறை பற்றி 1992இல் ஒரு நூலையே எழுதினார். அவரும் வேறு மருத்துவர்களும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அதனை ஆறு படிகளாக வகுத்து வெளியிட்டனர். பொருத்தமான இடத்தைத் தேர்ந்துகொள்வது முதற்படி. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிவது இரண்டாவது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது மூன்றாவது. செய்தியைச் சொல்வது நான்காவது படியில்தான் வருகிறது. அதன் பிறகு அவருடைய உணர்ச்சிகளுக்கு இடமளிப்பதும், அடுத்து என்ன செய்வது என்று கூடிப் பேசுவதும் உள்ளன. இன்று உலகின் பல மருத்துவ பீடங்களில் இது பாடமாக உள்ளது.

இந்த ஆறு படிகளையும் நமது வைத்தியசாலைகளில் யார் நடந்து முடிப்பது? காலை ஆறு மணிக்கே இலக்கம் எடுத்துக்கொண்டு நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில், விசேட வைத்திய நிபுணரால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தாலே பெரிய காரியம். தனியார் வைத்தியசாலையில் பணம் கட்டிச் ‘சனல்’ செய்தாலும் நிலைமை அதிகம் மாறுவதில்லை. அந்த நிபுணருக்கு நோயைத் தெரியும், நோயாளியைத் தெரியாது. அவர் அன்றுதான் அந்த மனிதரை முதன்முதலில் காண்கிறார்.

மொழி மற்றொரு சுவர். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் கட்டிலருகே சட்டம் எப்போதும் துணைக்கு வருவதில்லை. சிங்களத்தில் இந்நோயைப் ‘பிளிக்கா’ என்பார்கள். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம் தெரிந்த ஒரு தமிழ் அம்மாவுக்கு அச்சொல் புரியாமல் போகலாம். அருகில் நிற்கும் மகனோ மகளோதான் மொழிபெயர்ப்பாளர். வைத்தியர் சொல்வது ஒன்று. மகன் அம்மாவுக்குச் சொல்வது வேறொன்று. அம்மா கேட்பது ஒன்று. வைத்தியரைச் சென்றடைவது வேறொன்று. மகன் பொய்யன் அல்லன். அன்பினால் மொழிபெயர்ப்பை மாற்றுகிறான். அதனால் அம்மாவின் உடம்பைப் பற்றிய பேச்சில் அம்மாவுக்கே இடம் இல்லாமற் போகிறது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தபோது வடபகுதி மக்கள் அடைந்த ஆறுதலில் பயணத் தூரம் குறைந்தது ஒரு பங்கு என்றால், தமது மொழியில் கேள்வி கேட்கலாம் என்பது மறுபங்கு.

இந்த இடைவெளியில் நிற்கவேண்டியவர் குடும்ப வைத்தியர்.

கொழும்பில் வளர்ந்த என் வயதினருக்கு ‘டிஸ்பென்சரி’ என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். உள்ளே டொக்டர், பலகைத் தடுப்புக்குப் பின்னால் மருந்து கலக்குபவர். வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் மிக்ஸ்சரை ஊற்றி, எத்தனை வேளை என்பதைக் காட்டப் பல்லுப்பல்லாக வெட்டிய காகிதத் துண்டை ஒட்டித் தருவார். அந்த டொக்டருக்கு அப்பாவின் நீரிழிவும் தெரியும், அப்பா அதனை அம்மாவிடம் மறைத்து இனிப்புச் சாப்பிடுவதும் தெரியும். 1983 யூலைக்குப் பின்னர் அத்தகைய தமிழ் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். எஞ்சியோரும் முதுமையடைந்தனர். மருத்துவமும் மாறியது. நமது நாட்டில் எவரும் குடும்ப வைத்தியரின் கடிதம் இன்றி நேரே விசேட நிபுணரிடம் போகலாம். நெஞ்சு நொந்தால் இருதய நிபுணர், வயிறு நொந்தால் வயிற்று நிபுணர் என்று நாமே தீர்மானித்துக்கொள்கிறோம். இந்த வசதிக்கு நாம் கொடுத்த விலை, நம்மை முழுமையாக அறிந்த ஒரு வைத்தியரை இழந்ததுதான்.

அந்தத் துறை அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இலங்கைப் பொது மருத்துவர் கல்லூரி 1974இல் ஆரம்பிக்கப்பட்டது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1991இல் ராகமையில் தொடங்கப்பட்டது. குடும்ப மருத்துவத்துக்கு அங்கே தனியானதொரு துறை இருக்கிறது. இளம் மருத்துவர்கள் நோயாளியுடன் பேசும் முறையை இன்று ஒரு பாடமாகக் கற்கிறார்கள். முந்திய தலைமுறை அதனை டிஸ்பென்சரியின் வாங்குகளிலிருந்து கற்றது. அப்படிக் கற்ற ஒருவரை நான் அறிவேன்.

களனியில் கண்டி வீதிக்கு அண்மையில் சிகிச்சை நிலையம் வைத்திருக்கும் சிங்கள வைத்தியர் அவர். இளமையில் மன்னாரில் கடமையாற்றிய காலத்தில் பழகிய தமிழ் இன்னும் அவர் நாவில் இருக்கிறது. இலக்கணம் சற்று வழுக்கும், பொருள் வழுக்காது. எங்கள் குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரே வைத்தியர். 2014இல், எங்களுடன் வசித்துவந்த என் மாமிக்கு, மனைவியின் தாயாருக்கு, மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. கொட்டாஞ்சேனையில் நீண்டகாலம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பரிசோதனை அறிக்கை ஒரு தனியார் நிலையத்தின் கவுண்டரில், மின்கட்டணப் பற்றுச்சீட்டைப் போலக் கடித உறையில் இட்டு என் மனைவியின் கையில் கொடுக்கப்பட்டது. அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து மைத்துனரும் லண்டனிலிருந்து மைத்துனியும் தொலைபேசியில் வந்தார்கள். இருவரும் சொன்னது ஒன்றுதான்: “அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். அம்மா தாங்கமாட்டா.” கடல்கடந்து வாழும் பிள்ளைகளின் இந்த வேண்டுகோளை நான் குறைகூற மாட்டேன். அருகில் இருந்து அணைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு, அதிர்ச்சி அம்மாவை எட்டாமல் தடுப்பது ஒன்றே தங்களால் இயன்ற உதவியாகத் தோன்றுகிறது.

வைத்தியர் என் மனைவி சொன்னதை முழுதும் கேட்டார். பின்னர் இரண்டே வசனங்கள் சொன்னார். “அம்மா கேட்கவில்லையென்றால் நான் வற்புறுத்திச் சொல்லமாட்டேன். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்.” மறுநாள் இரவு எட்டரை மணிக்கு, எல்லா நோயாளிகளும் போன பிறகு, மாமியை அழைத்து வரச் சொன்னார்.

நாங்கள் சென்றபோது கைத்தொலைபேசியை அணைத்து லாச்சிக்குள் வைத்தார். மேசைக்கு அப்பால் இருந்த தம் கதிரையை விட்டு எழுந்து, ஊசி போடும்போது உட்காரும் சிறிய ஸ்டூலை இழுத்து மாமிக்கு அருகில் அமர்ந்தார்.

“டீச்சர், அந்தக் கட்டியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

மாமி அவரைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல கட்டியெண்டால் என்னை ஏன் டொக்டர் கடைசி ஆளாகக் கூப்பிட்டனீங்கள்?”

“ரிப்போர்ட் வந்திருக்கிறது. எல்லாம் உங்களுக்குச் சொல்லவா? இல்லை, பிள்ளைகளிடம் விடவா?”

“முப்பது வருஷம் மற்றவையின்ரை பிள்ளையளின்ரை ரிப்போட்டிலை கையெழுத்து வைச்சனான். என்ரை ரிப்போட்டை நான் பாக்கவேண்டாமோ?”

அவர் ‘கட்டி’ என்று சுற்றவில்லை. ‘வளர்ச்சி’ என்று மழுப்பவும் இல்லை. “இது புற்றுநோய், டீச்சர்” என்றார். அதன் பிறகு எதுவும் பேசவில்லை. வெளியே கண்டி வீதியில் லொறிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமி தம் கைப்பையின் வாரைச் சரிசெய்தார், மீண்டும் சரிசெய்தார். வைத்தியர் அந்த மௌனத்தை நிரப்ப முயலவில்லை. கடைசியில் மாமிதான் கேட்டார், இன்னும் எவ்வளவு காலம் என்று. “இப்போது சொல்ல என்னால் முடியாது. ஊகித்துச் சொல்லவும் மாட்டேன். இதுவரை பார்த்ததில் வேறு இடத்தில் இல்லை. சத்திரசிகிச்சை செய்யலாம். எங்கே போனாலும் திரும்பி என்னிடம் வாருங்கள்” என்றார். பிறகு மருந்துச்சீட்டை எடுத்து, சத்திரசிகிச்சை நிபுணரிடம் மாமி கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதினார். ஒவ்வொன்றின் பொருளையும் தமிழில் விளக்கினார். மொத்தம் நாற்பது நிமிடங்கள். வழக்கமான கட்டணத்தையே பெற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி மகனுடன் தாமே பேசினார். “தம்பி, எனக்குப் புற்றுநோய். நீ ஒளிக்கத் தேவையில்லை.” மறுமுனையில் மகன் அழுதார். அம்மா தாங்கமாட்டா என்று சொன்னவரை அம்மாதான் தேற்றினார்.

அவர் அறிந்துகொண்டதால் விளைந்தவற்றை நான் அருகிலிருந்து கண்டேன். சத்திரசிகிச்சைக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் தாமே சம்மதித்துக் கையொப்பமிட்டார். கொட்டாஞ்சேனை வீட்டின் உறுதியை எழுதிமுடித்தார். மகள்மார் இருவரையும் மார்பகப் பரிசோதனை செய்யும்படி கட்டளையிட்டார். இந்த மூன்றாவது விடயத்தை வாசகர்கள் சற்று ஆழமாகச் சிந்திக்கவேண்டும். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். தாய்க்கு அந்நோய் இருந்தது என்ற தகவல் மகளின் மருத்துவக் குறிப்பில் இருக்கவேண்டிய தகவல். அம்மாவிடம் மறைக்கப்படும் நோய், காலப்போக்கில் பேரப்பிள்ளைகளிடமும் மறைக்கப்பட்டு, குடும்ப வரலாற்றிலிருந்தே அழிந்துவிடுகிறது.

2019இல் நோய் திரும்பியது. இம்முறை வீரியமான சிகிச்சை வேண்டாம், வலியில்லாமல் இருந்தால் போதும் என்று மாமி தீர்மானித்தார். உண்மையை அறிந்த ஒருவரால்தான் அப்படித் தீர்மானிக்க முடியும். அவ்வாண்டின் கடைசியில் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து ஒரு மாதம் அம்மாவுடன் இருந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. அந்த ஏப்ரலிலும் மேயிலும் வைத்தியர் அனுமதிப் பத்திரத்தைக் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து போனார். மே மாத நடுப்பகுதியில் மாமி தம் கட்டிலில் காலமானார். பிள்ளைகளால் வர முடியவில்லை. ஆனால் சொல்லவேண்டியவை அனைத்தையும் அவர்கள் முன்னரே சொல்லி முடித்திருந்தார்கள்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. “எனக்கு விபரம் வேண்டாம், மூத்தவனிடம் சொல்லுங்கள்” என்று சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். அறியாதிருப்பதும் ஒருவரின் உரிமையே. ஆனால் அந்த உரிமையை அவர் தாமே பயன்படுத்தவேண்டும். அவருக்காகப் பிள்ளைகள் அதனைப் பயன்படுத்தக்கூடாது. அவர் எதை விரும்புகிறார் என்பதைக் கேட்டால்தான் தெரியும். அப்படிக் கேட்பதற்கு, அவரைப் பல ஆண்டுகள் அறிந்த ஒருவர் வேண்டும். எந்த அம்மா பகிடியாகப் பேசித் தம் பயத்தை மறைப்பார், எந்த அப்பா மௌனமாக இருந்து உள்ளே நொறுங்குவார் என்பது மருத்துவ அறிக்கையில் இருப்பதில்லை.

உண்மை தெரிந்தால் மனமுடைந்து சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்பது மற்றொரு அச்சம். சொல்லும் முறையினால் மனிதர் உடைந்துபோவதை நானும் கண்டிருக்கிறேன். நடைபாதையில் நின்றபடி, கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னால் எவரும் உடைவார். சொல்லாமல் விடுவது அதற்குப் பரிகாரம் ஆகாது. சொல்பவர் நாளையும் இருப்பார், அடுத்த வாரமும் இருப்பார் என்ற உறுதி இருந்தால் அந்தச் சொல்லின் பாரம் சற்றுக் குறைகிறது.

குடும்ப வைத்தியர்களுக்கும் தயக்கங்கள் உண்டு. நேரம் இல்லை, அந்த நாற்பது நிமிடங்களுக்கு எவரும் தனியாகப் பணம் தருவதில்லை, குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக நடந்தால் அக்குடும்பம் வேறு வைத்தியரிடம் போய்விடும். பரிசோதனை அறிக்கைகள் அவர்களைத் தவிர்த்து நிபுணருக்கே நேராகப் போகின்றன. நிபுணர்கள் ஒரு சிறு கடிதம் எழுதிக் குடும்ப வைத்தியருக்கு அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. இவற்றைச் சுகாதார அமைச்சும் மருத்துவச் சங்கங்களும்தான் சீர்செய்யவேண்டும். 2022 நெருக்கடியின் பின்னர் ஏராளமான வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்ட நிலையில், அது இலகுவான காரியமும் அல்ல.

ஆனால் ஒரு குடும்பம் செய்யக்கூடியதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து போங்கள். தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் போய்வந்த பழக்கமே பிறகொரு நாள் பெரிய செய்தியைத் தாங்க உதவும். பெற்றோர் சுகமாக இருக்கும் நாளொன்றில், “இப்படி ஒரு நோய் வந்தால் உங்களுக்குச் சொல்லவேண்டுமா?” என்று கேட்டுவையுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் பிள்ளைகள், ‘அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்’ என்று தொடங்குவதற்கு முன்னர், ‘அம்மா என்ன கேட்டவா?’ என்று ஒரு தடவை விசாரியுங்கள். பெரும்பாலும் அம்மா ஏதோ கேட்டிருப்பார். அக்கேள்விக்கு அவருக்குப் புரியும் மொழியில், அவரை அறிந்த ஒருவர், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விடை சொல்ல வேண்டும்.